இரட்டை வெபர் ட்யூனிங்: 2,500 ஆர்பிஎம் திணறல் எங்கிருந்து வந்தது

நேற்று மாலை மூன்றாவது கியரில் 1,800 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே போனேன். 2,500 தாண்டியது, 3,000 தாண்டியது, எங்கும் திணறல் இல்லை. திரும்பி வந்து அதே சாலையில் இன்னும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. நான்கு மாதமாக என்னைத் தூங்கவிடாத கோளாறு அது. மறப்பதற்குள் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன், தப்பான வழியில் போனதையும் சேர்த்துத்தான். இதே வெபர் கார்புரேட்டரோடு (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் கருவி) மல்லுக்கட்டுகிற ஒருவருக்காவது சில வாரம் மிச்சமாகும்.

வண்டி இரண்டு பேர் உட்காரும் சின்ன ஹாபி கார். இன்ஜின் ஃபோர்டு கென்ட் வரிசையைச் சேர்ந்த கிராஸ்ஃப்ளோ, 1,599 சிசி. ஹெட்டைப் பிரித்து வால்வு சீட் வெட்டி, வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் 'ஹாட்' கேம்ஷாஃப்ட் போட்டுக் கட்டினேன். ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, யாரோ பயன்படுத்திய வெபர் 40 டிசிஓஇ இரண்டை வாங்கி மாட்டினேன். ஒரு டிசிஓஇ-க்கு இரண்டு தொண்டை, அதாவது காற்று போகும் இரண்டு குழல். ஆக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தொண்டை தனியாகக் கிடைக்கிறது. முன்னால் இருப்பது 1, 2-க்கு, பின்னால் இருப்பது 3, 4-க்கு. நான்கு தனிக் கார்புரேட்டர்களை ஒரே மாதிரி மூச்சுவிட வைப்பதுதான் வேலையே.

வாங்கியபோது உள்ளே இருந்தவை: 32 மி.மீ வென்சுரி (தொண்டையின் குறுகிய பகுதி), 120 மெயின் ஜெட் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் துளை), 180 ஏர் கரெக்டர் (மெயின் ஜெட்டின் பெட்ரோலோடு காற்றைச் சேர்க்கும் துளை), எஃப் 16 எமல்ஷன் டியூப் (அந்த இரண்டும் கலக்கும் குழாய்), 45 எஃப் 9 ஐடில் ஜெட், 40 பம்ப் ஜெட் (பெடலை வேகமாக மிதிக்கும்போது பெட்ரோல் பீய்ச்சுவது). மெயின் ஜெட் எண்ணை நூறால் வகுத்தால் துளையின் விட்டம் மி.மீ-இல் வரும், 120 என்றால் 1.20 மி.மீ. இந்த எண் பின்னால் வேறு விதமாகவும் உதவியது.

இன்ஜின் முதல் நாளே ஸ்டார்ட் ஆனது, சத்தமும் பிரமாதம். ஆனால் 2,200-க்கும் 2,900-க்கும் நடுவில், பெடலை லேசாக மட்டும் மிதித்திருக்கும்போது, வண்டி தடுமாறியது. இன்ஜின் ஒரு கணம் செத்துப் பிழைக்கும், கார்புரேட்டர் வழியாக ஒரு துப்பல் வரும், அப்புறம் திடீரென்று பாய்ந்து ஓடும். ஊருக்குள் ஓட்டும்போது இன்ஜின் பாதி நேரம் இந்த வட்டத்துக்குள்தான் நிற்கும். ஓட்டவே முடியவில்லை.

முதல் தப்பு: மெயின் ஜெட்டில் கை வைத்தேன். வென்சுரி அளவை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட்டுக்கு ஒரு தொடக்க எண் கிடைக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 32-க்கு 128. என்னிடம் இருந்தது 120, ஆகவே பெட்ரோல் போதவில்லை என்று முடிவுகட்டினேன். 125 போட்டேன், 130 போட்டேன், 135-ம் போட்டேன். ஒவ்வொரு முறையும் நான்கு ஜெட். திணறல் இம்மியும் அசையவில்லை. முழு த்ராட்டிலில், அதாவது பெடலை அடிவரை மிதித்தபோது மட்டும், ஏஎஃப்ஆர் மீட்டர் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது, எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 11.3-க்கு இறங்கியது, பிளக் எல்லாம் கரி. பின்னால் புரிந்த விஷயம் எளிமையானது: லேசான மிதிப்பில், ஏறக்குறைய 3,000 வரைக்கும் இந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுவது ஐடில் ஜெட். மெயின் ஜெட் அந்த இடத்தில் வேலைக்கே வருவதில்லை.

இரண்டாவது தப்பு பம்ப் ஜெட். 40-ஐ எடுத்துவிட்டு 50 போட்டதும் பெடலை வேகமாக மிதித்தால் திணறல் போன மாதிரி இருந்தது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒரு மேட்டில் மெதுவாக ஏறும்போது அதே இடத்தில் அதே துப்பல். பம்ப் பீய்ச்சிய கூடுதல் பெட்ரோல் பள்ளத்தை மூடியது, நிரப்பவில்லை. அன்றிலிருந்து என் பரீட்சை ஒன்றுதான்: பெடலை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக மிதிப்பது. மெதுவாக மிதித்தால் பம்ப்புக்கு வேலை இருக்காது, ஐடில் சர்க்யூட் தன் குறையை மறைக்க முடியாது.

சரி, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து பார்ப்போம் என்று மெயின் ஜெட்டுகளைப் பழையபடி மாட்டிவிட்டு, கார்புரேட்டரை ஒரு வாரம் தொடவே இல்லை.

கம்ப்ரஷன் நான்கிலும் 176-க்கும் 182 பிஎஸ்ஐ-க்கும் நடுவில் வந்தது, கவலை இல்லை. டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவில் இருப்பது) கேம்ஷாஃப்டோடு வந்த தாளின்படி வைத்தேன், இரண்டு மட்டும் இறுக்கமாக இருந்தன. டைமிங் லைட் வைத்துப் பார்த்ததில்தான் முதல் உருப்படியான தகவல் கிடைத்தது. 4,000 ஆர்பிஎம்மில் மொத்த அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பது, வெறும் 27 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 34-க்குக் கொண்டுவந்தேன். ஐடிலிங்கில் அது 15 ஆனது. வண்டி அங்கேயே பாதி மாறிவிட்டது. ஐடிலிங் தானாக 200 ஆர்பிஎம் ஏறியது, ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டியிருந்தது. டைமிங்கைச் சரிசெய்யாமல் ஜெட் மாற்றிய இரண்டு மாதக் குறிப்புகளும் இத்துடன் செல்லாமல் போயின. நோட்டில் அந்தப் பக்கங்களுக்குக் குறுக்கே கோடு போட்டேன்.

அடுத்து பெட்ரோல் அழுத்தம். எலக்ட்ரிக் பம்ப் 5.5 பிஎஸ்ஐ தள்ளிக்கொண்டிருந்தது. வெபருக்கு 3 பக்கம்தான் பிடிக்கும். இன்ஜினை அணைத்து, பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, தொண்டைக்குள் டார்ச் அடித்தால் நடுவில் இருக்கும் நாசில் முனையிலிருந்து பெட்ரோல் சொட்டுவது கண்ணுக்கே தெரிந்தது. பெட்ரோல் உள்ளே வருவதை அடைக்கும் நீடில் வால்வு அந்த அழுத்தத்தை அடக்க முடியாமல் விட்டுக்கொடுக்கிறது. ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி, கேஜோடு சேர்த்து மாட்டி 3-இல் நிறுத்தினேன். சொட்டு நின்றது. இன்ஜினை அணைத்த பிறகு வரும் பெட்ரோல் வாடையும் போயிற்று.

ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) அளவுக்கு ஒரு சின்ன வழி. என்னுடையவை பித்தளை ஃப்ளோட். மேல்மூடியைக் கழற்றி செங்குத்தாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் நாக்கு நீடிலின் குண்டை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். குண்டை அது அமுக்கக்கூடாது. அந்த நிலையில் கேஸ்கட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் 8.5 மி.மீ இருக்க வேண்டும், முழுக்கத் தொங்கவிட்டால் 15. ஸ்கேல் வைத்து அளந்தால் கை நடுங்கும், கண் ஏமாற்றும். 8.5 மி.மீ டிரில் பிட்டின் வழுவழுப்பான பின்பகுதியை இடையில் நுழைத்துப் பார்த்தேன். முன் கார்புரேட்டரில் சரியாக உரசிக்கொண்டு போனது. பின் கார்புரேட்டரில் நுழையவே இல்லை, 7 சில்லறைதான். நாக்கை நுனிமூக்குப் பிளையரால் முடி அளவு வளைப்பது, மறுபடி அளப்பது, மறுபடி வளைப்பது. ஒரு மணி நேரம் ஆனது. வேகப்படக்கூடாத வேலை. பிளாஸ்டிக் ஃப்ளோட் இருந்தால் அளவு வேறு, இந்த 8.5-ஐ அதற்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். கார்புரேட்டரை மானிஃபோல்டில் பிடிக்கும் நட்டுகளுக்கு அடியில் சுருள் வாஷர்கள் உண்டு, அதிர்வு ஃப்ளோட் கிண்ணத்துக்குப் போய் பெட்ரோல் நுரைக்காமல் இருப்பதற்காக. நான் அவற்றை வழக்கமான வாஷர் என்று நினைத்து அடிவரை முறுக்கியிருந்தேன். சுருள்களுக்கு நடுவில் ஃபீலர் கேஜ் நுழையும் அளவுக்குத் தளர்த்திவிட்டேன். அசைத்தால் கார்புரேட்டர் கொஞ்சம் ஆட வேண்டும். முதலில் பயமாக இருக்கும், ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு திணறல் குறைந்தது, போகவில்லை. இப்போது காற்று சமமாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு சிங்க்ரோமீட்டர் என்று ஒரு கருவி, தொண்டையின் வாயில் அமுக்கிப் பிடித்தால் முள் உள்ளே போகும் காற்றைக் காட்டும். ஐடிலிங்கில் நான்கையும் அளந்தேன். ஒன்று 5, இரண்டு 5, மூன்று 3.5, நான்கு 6.5. கருவியை நான் சாய்த்துப் பிடித்துவிட்டேனோ என்று மூன்று முறை திரும்பத் திரும்ப வைத்தேன். அதே எண்தான்.

முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இருந்தால் நடுவில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் மூன்றும் நான்கும் ஒரே கார்புரேட்டர். இரண்டு பட்டர்ஃப்ளையும் (தொண்டையைத் திறந்து மூடும் வட்டத் தகடு) ஒரே ஸ்பிண்டிலில், அதாவது ஒரே தண்டில் இருப்பவை. பிற்கால டிசிஓஇ-களில் தொண்டைக்கு ஒரு ஏர் பைபாஸ் ஸ்க்ரூ உண்டு, அந்தத் தொண்டையின் காற்றை மட்டும் தனியாகச் சரிசெய்ய. என்னுடையது அதற்கு முந்தையது, அந்த வசதி இல்லை. அப்படியிருந்தும் இரண்டும் வேறு வேறு அளவு திறந்திருக்கின்றன என்றால் ஸ்பிண்டில் முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். ஐடில் ஸ்க்ரூவை முழுக்கப் பின்வாங்கி, பட்டர்ஃப்ளைகளை மூடவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். மூன்றாவது தொண்டை இருட்டு. நான்காவதில் ஓரத்தில் பிறை நிலா மாதிரி மெல்லிய வெளிச்சக் கீற்று. அவ்வளவுதான் கோளாறு. அந்தக் கீற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

இந்தச் சின்னக் கீற்று ஏன் 2,500-இல் திணற வைக்கிறது என்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு தொண்டையின் மேலும் ஒரு சிறிய பித்தளை மூடி உண்டு. அதைக் கழற்றி டார்ச் அடித்தால் வரிசையாக ஊசித் துளைகள் தெரியும். பட்டர்ஃப்ளை திறக்கத் திறக்க அதன் விளிம்பு இந்தத் துளைகளை ஒவ்வொன்றாகக் கடக்கும், கடந்த துளை பெட்ரோல் கொடுக்கும். ஐடிலிங்கிலிருந்து மெயின் ஜெட் விழித்துக்கொள்ளும் வரை வண்டியைத் தாங்குவது இவைதான். மூன்றாவது தொண்டையில் விளிம்பு முதல் துளைக்கு முன்னாலேயே நின்றது. நான்காவதில் ஐடிலிங்கிலேயே முதல் துளையைத் தாண்டிவிட்டிருந்தது. அங்கே கொடுக்க வேண்டிய பெட்ரோலை ஐடிலிங்கிலேயே கொடுத்துத் தீர்த்தாகிவிட்டது. அந்தச் சிலிண்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐடிலிங்கில் போகும் கலவையைச் சரிசெய்வது) எவ்வளவு திருப்பினாலும் சத்தம் மாறாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம். அந்த அறிகுறி முதல் வாரத்திலேயே என் கண்ணில் பட்டது, நோட்டில்கூட எழுதியிருக்கிறேன். அர்த்தம் தெரியவில்லை.

புது ஸ்பிண்டில் வர இரண்டு வாரம். அதன் விலை, நான் வாங்கிக் குவித்த மெயின் ஜெட்டுகளில் ஒரு செட்டைவிடக் குறைவு.

மாற்றுகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில் தப்பு நடந்தால் இன்ஜினே போய்விடும். பட்டர்ஃப்ளையைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூக்களின் வாலைத் தொழிற்சாலையில் தட்டி விரித்திருப்பார்கள். அப்படியே திருகினால் ஸ்க்ரூ தலை உடையும். விரிந்த வாலை ஊசி அரத்தால் ராவி எடுத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர். பம்ப் லீவரைப் பிடித்திருக்கும் பின்னை மெல்லிய பஞ்சால் தட்டி எடுக்க வேண்டும். பட்டர்ஃப்ளையின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது, திருப்பி மாட்டினால் மூடாது. ஆகவே கழற்றுவதற்கு முன்பே மார்க்கரால் எந்தத் தொண்டை, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

மாட்டும்போது புது ஸ்க்ரூக்கள், பழையவற்றைத் திரும்பப் போடவில்லை. முதலில் தளர்வாக விட்டு, ஸ்பிண்டிலை இரண்டு மூன்று முறை படக்கென்று மூடினால் தகடு தானே நடுவில் உட்காரும். வெளிச்சத்துக்குப் பிடித்து இரண்டு தொண்டையும் ஒரே மாதிரி இருட்டாவதைப் பார்த்த பிறகு இறுக்கினேன். திரெட் லாக் ஒரு சொட்டு. பிறகு வாலைத் தட்டி விரிக்க வேண்டும். அப்போது ஸ்பிண்டிலுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு முட்டுக்கொடுக்காவிட்டால் புது ஸ்பிண்டிலும் வளையும். இந்த ஸ்க்ரூ ஒன்று கழன்றால் நேரே வால்வுக்குள்தான் போகும், அதனால் இங்கே அவசரமே கூடாது.

பழையது ஏன் முறுக்கியது? ஸ்பிண்டில் முனையில் லீவரைப் பிடிக்கும் நட்டை, லீவரைப் பிடித்துக்கொள்ளாமல் யாரோ முறுக்கியிருக்கிறார்கள். பட்டர்ஃப்ளை தொண்டையில் முட்டி நிற்க, முறுக்கு முழுவதும் ஸ்பிண்டிலில் இறங்கியிருக்கிறது. லீவரை ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினால் இது நடக்காது.

மறுபடி மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, சிங்க்ரோமீட்டர் வைத்தேன். 5, 5, 5, 5-க்குக் கொஞ்சம் மேல். ஐடில் ஸ்க்ரூ லீவரைத் தொட்டதிலிருந்து அரைச் சுற்றுதான் உள்ளே போயிருந்தது. முன்பு ஒன்றே முக்கால் சுற்று. மிக்ஸ்சர் ஸ்க்ரூ நான்கையும் மெதுவாக உட்காரவைத்து, ஒரு சுற்று வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக இன்ஜின் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்தேன். இப்போது நான்காவதும் பேச்சைக் கேட்டது. ஐடிலிங் 950.

ஓட்டிப் பார்த்ததில் திணறல் முக்கால்வாசி போயிருந்தது. மிச்சம் இருந்தது 45 எஃப் 9-இன் குறை, 2,500-இல் சீராக ஓட்டும்போது மீட்டர் 15.8 காட்டியது, ரொம்ப வறட்சி, அதாவது பெட்ரோல் போதவில்லை. 50 எஃப் 9 போட்டால் 12.5, பெட்ரோல் நாற்றம். 50 எஃப் 8 போட்டதும் 13.7-இல் நின்றது. ஐடில் ஜெட்டில் முதல் எண் பெட்ரோல் துளை, எஃப் எண் காற்றுத் துளை. எஃப் 9-ஐவிட எஃப் 8 கொஞ்சம் வறண்டது. எஃப் எண்கள் வரிசையாக ஏறுபவை அல்ல, அட்டவணை பார்க்காமல் வாங்கக்கூடாது.

கடைசியில்தான் மெயின் ஜெட்டுக்கு வந்தேன். அதற்கு முன் நண்பரை உட்காரவைத்து பெடலை அடிவரை மிதிக்கச் சொன்னேன்.

"மிதிச்சாச்சா?"

"தரையில முட்டிடுச்சு."

தொண்டைக்குள் பார்த்தால் பட்டர்ஃப்ளை முக்கால்தான் திறந்திருக்கிறது. கேபிளை இழுத்துக் கட்டியதும் முழுக்கப் படுத்தது. இவ்வளவு நாள் "முழு த்ராட்டில்" என்று நோட்டில் எழுதியதெல்லாம் முக்கால் த்ராட்டில்.

130 போட்டு ஓட்டியபோது மீட்டர் 12.6 காட்டியது. நல்ல எண். ஆனால் முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்ச்சை மிதித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றினால், இரண்டாவது மட்டும் கரி. மீட்டரின் சென்சார் நான்கு குழாயும் சேரும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அது காட்டுவது நால்வரின் சராசரி. ஒன்று அதிகம் குடித்து மற்றவை கொஞ்சம் காய்ந்திருந்தாலும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். இரண்டாவதின் ஜெட்டைக் கழற்றினேன். மேலே தெளிவாக 130 என்று இருக்கிறது. 1.30 மி.மீ டிரில் பிட்டின் பின்பகுதி தொளதொளவென்று உள்ளே போனது, 1.40-ம் போனது. எவரோ துளையைப் பெரிதாக்கிவிட்டு விற்றிருக்கிறார்கள். பயன்படுத்திய ஜெட் வாங்கினால் எண்ணை நம்பாமல் அளந்துவிட வேண்டும்.

அந்த ஜெட்டை மாற்றி, நான்கும் அளந்த 130 ஆக ஓடியபோது 3,500-இல் 12.7, 5,000-இல் 12.8, 6,500-இல் 13.6. மேலே போகப் போக வறளுகிறது. ஏர் கரெக்டரை 180-லிருந்து 165-க்கு இறக்கினேன். அதன் துளை சிறிதானால் உச்ச வேகத்தில் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். 6,500-இல் 12.9 வந்தது, கீழே பெரிதாக எதுவும் மாறவில்லை. பம்ப் ஜெட்டை 40-க்கே திருப்பிவிட்டேன். 50 தேவைப்பட்டதே மூடிமறைக்கத்தான்.

இப்போது உள்ளே இருப்பவை: வென்சுரி 32, மெயின் 130, ஏர் 165, எஃப் 16, ஐடில் 50 எஃப் 8, பம்ப் 40, அழுத்தம் 3 பிஎஸ்ஐ, அட்வான்ஸ் 34. இந்த எண்களை அப்படியே வேறு இன்ஜினில் போட்டால் சரியாக வராது. வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: டேப்பட், டைமிங், அழுத்தம், ஃப்ளோட், சமநிலை, ஐடில், பிறகு மெயின்.

அடுத்த முறை பழைய கார்புரேட்டர் கையில் வந்தால் மாட்டுவதற்கு முன்பே வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பேன், எல்லா ஜெட்டையும் டிரில் பிட்டால் அளப்பேன். சிங்க்ரோமீட்டரை முதல் நாளே வாங்குவேன், கடைசியில் அல்ல. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதையும் அதே சாலையில், அதே கியரில், இன்ஜின் அதே சூட்டில்.

ஒரு வேலை பாக்கி. இதுவரை எல்லாம் திறந்த ட்ரம்பெட்டோடு (தொண்டை வாயில் மாட்டும் காற்றுக் குழல்) ட்யூன் செய்தவை, ஏர் ஃபில்டர் இன்னும் மாட்டவில்லை. ஃபில்டர் பெட்டியின் பின்சுவருக்கும் ட்ரம்பெட் வாய்க்கும் 25 மி.மீ-தான் இடம் இருக்கிறது, அது மூச்சை அடைக்குமோ என்று சந்தேகம். இந்த வார இறுதியில் மாட்டி, அதே மூன்றாவது கியர் பரீட்சையை மறுபடி செய்து, மீட்டர் எண்களைப் பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டும். பத்திக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.